கால் மரத்தால் எல்லாமே இனிப்பு நீர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால் மரத்துப்போவது பற்றிய உங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை இனிப்பு நீரையும் பி12 குறைவையும் சொன்னதோடு நின்றுவிட்டது. தோட்டப்புறத்தில் எப்போதும் அதே தீர்ப்புதான். சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் மரப்பு மேலே ஏறினால், இரத்தப் புரதத்தையும் பார்க்க வேண்டும்.

எலும்பு மச்சையிலுள்ள பிளாஸ்மா அணுக்கள் நோயை எதிர்க்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களைப் பலவகையாகச் சுரப்பவை. அவற்றில் ஓர் அணுவின் வழித்தோன்றல்கள் மட்டும் பெருகினால், ஒரே எதிர்ப்பொருள் இரத்தத்தில் குவியும். இதுதான் ‘எம் புரோட்டீன்’. எதிர்ப்பொருள்களில் ஐஜிஎம், ஐஜிஜி என்று வகைகள் உண்டு. குவிவது ஐஜிஎம் வகையாக இருந்து நரம்பும் கெட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அது நரம்பின் மயலின் உறையிலுள்ள ‘மேக்’ என்ற புரதத்தைப் பிடித்து உறையைக் குலைக்கிறது. வலியைவிடத் தள்ளாட்டம்தான் அதிகம். பகலில் கண் தரையைப் பார்த்துச் சமாளித்துவிடும். விடியுமுன் பால்வெட்டுக்குப் போகும் இருட்டிலோ, முகம் கழுவக் கண்ணை மூடும்போதோ ஆள் சாய்வார். கையும் நடுங்கலாம். பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு, ஆண்டுக்கணக்கில் மெதுவாக வரும்.

வழக்கமான இரத்தப் பரிசோதனையில் இது பிடிபடாது. இரத்தப் புரதங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரேசிஸ் எடுக்க வேண்டும். சிறிய அளவு அதிலும் நழுவிவிடும் என்பதால் எதிர்ப்பொருளின் வகையைக் காட்டும் இம்யூனோபிக்சேஷனும், அதன் உதிரித் துண்டுகளை அளக்கும் ஃப்ரீ லைட் செயினும் சேர்த்துக் கேளுங்கள். உறை கெட்டதா, நரம்பிழையே கெட்டதா என்பதை நரம்புக் கடத்தல் சோதனை காட்டும்.

எம் புரோட்டீன் தென்பட்டதும் புற்றுநோய் என்று அலற வேண்டாம். 50 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 3 பேரிடம் அது இருக்கிறது. அவர்களில் ஆண்டுக்கு 100-க்கு ஒருவருக்குத்தான் புற்றுநோய் போன்ற நோயாக முற்றுகிறது. ஐஜிஜி வகை என்றால் மரப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். இதை விளக்காமல் பரிசோதனை முடிவுச் சீட்டை நீட்டிவிடுவதுதான் வீண் பீதிக்குக் காரணம்.

சில அறிகுறிகளுக்குத் தாமதம் ஆகாது. கால் எரிச்சலோடு எடை குறைந்து, எழுந்தால் தலை சுற்றி, சிறுநீர் நுரைத்தால் அமிலாய்டு என்ற உருக்குலைந்த புரதம் உறுப்புகளில் படிகிறதா என்று பார்க்க வேண்டும். சில மாதங்களிலேயே கால் பலமிழந்து, தோல் கறுத்து, பாதம் வீங்கினால் பிளாஸ்மா அணுக் கோளாறால் பல உறுப்புகளைத் தாக்கும் ‘போயம்ஸ்’ நோய்க்கூட்டாக இருக்கலாம். எலும்பையும் படமெடுக்க வேண்டும்.

ஐஜிஎம் வகைக்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுப்பார்கள், எல்லாருக்கும் பலிப்பதில்லை. மரப்பு லேசாக இருந்தால் மருந்தில்லாமல் கண்காணிப்பதே நல்லது. பிளாஸ்மா அணுப் புற்றுநோய்க்குத் தரும் போர்டெசோமிப், தாலிடோமைடு மருந்துகளே நரம்பைக் கெடுப்பதுண்டு. சிகிச்சை நடுவே மரப்பு கூடினால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கிளினிக்கில் இவ்வளவு பெயரும் வாயில் நுழையாவிட்டால், “எம் புரோட்டீன் பார்க்கணும் டாக்டர்” என்றாலே போதும்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்