வாங்குகிறவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஸ்டார்ட்அப் கூட்டங்கள் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

சமீபத்தில் நீங்கள் நடத்திய கூட்டத்தில் கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவன் நான். 9 பேர் மேடையேறினார்கள். ஆளுக்கு 5 நிமிடம். 9 பேரிடமும் லோகோ இருந்தது. 7 பேர் அந்த லோகோ அடித்த டி-சர்ட்டோடே வந்திருந்தார்கள். ஆனால் 'இன்னார் இதைக் காசு கொடுத்து வாங்கினார்' என்று சொல்ல முடிந்தது ஒரே ஒருவருக்குத்தான்.

அவர் குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைப்புரையில் சூடு அளவுக்கு மேல் ஏறினால், உரிமையாளரின் போனுக்கு மிஸ்டு கால் கொடுக்கிற ஒரு சின்னக் கருவி செய்திருக்கிறார். ரப்பர் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் விழும். கொப்புளம் விழுந்தால் கிரேடு இறங்கும். கிரேடு இறங்கினால் கடைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார். அதனால்தான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளின் தூக்கத்தைத்தான் இவர் விற்கிறார். 11 புகைப்புரைகளில் மாட்டியிருக்கிறார், பதினொன்றுக்கும் பணம் வாங்கியிருக்கிறார்.

தமிழில் பேசினார். ஸ்லைடு பாதியில் நின்றுபோனது. நடுவர்களில் ஒருவர் ஆங்கிலத்தில், மார்க்கெட் சைஸ் என்ன என்று கேட்டார். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "எங்க பஞ்சாயத்துல எத்தன புகைப்புரை இருக்குன்னு தெரியும் சார். மத்தத எண்ணிட்டு வந்து சொல்லுதேன்" என்றார். அரங்கில் சிரிப்பு. பரிசு, 'குமரியின் ஊபர்' என்று தொடங்கிய ஒரு தம்பிக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. சரி, கொஞ்சம் உண்டு.

என் குறை நடுவர்மேல் இல்லை. அன்றைக்கு அரங்கில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆடிட்டர் இருந்தார், வங்கிக்காரர் இருந்தார், இரண்டு கல்லூரிப் பேராசிரியர்கள், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலைந்து பேர், படிக்கிற பிள்ளைகள். ரப்பர் கடைக்காரர் ஒருவர்கூட இல்லை. பூக்கடைக்காரர் இல்லை. படகு வைத்திருப்பவர் இல்லை. தையல்கடை, மருந்துக்கடை, ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிறவர், யாரும் இல்லை. வாங்கப் போகிறவர் இல்லாத கூட்டத்தில் நாம் விற்றுப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

நானும் இப்படிப் பழகியவன்தான், அதனால்தான் எழுதுகிறேன். நாகர்கோவிலிலிருந்து, அந்த டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்துக்குக் காலை ரயிலில் பல வருடம் போய்வந்துவிட்டு, போதும் என்று வேலையை விட்டவன். தோவாளை பூச்சந்தைக்கு ஒரு செயலி செய்தேன். அன்றன்றைய பூ விலை போனில் தெரியும். பிச்சி என்ன, மல்லி என்ன, அரளி என்ன, எல்லாம் பச்சை சிவப்பு அம்புக்குறியோடு. பெயர் ஆங்கிலத்தில், வாலில் ஒரு 'லி' ஒட்டியது. லோகோவுக்கு மட்டும் 18,000 ரூபாய் கொடுத்தேன். பெங்களூரில் ஒரு பையன் செய்து தந்தான், நன்றாகத்தான் இருந்தது.

விடிவதற்கு முன்னால் சந்தைக்குப் போய், தெரிந்த கமிஷன் கடைக்காரர் ஒருவரிடம் போனை நீட்டினேன். அவர் அப்போதுதான் பிச்சிப்பூச் சாக்கில் தண்ணீர் தெளித்து முடித்திருந்தார். விரலால் திரையைத் தொட்டார். அசையவில்லை. மறுபடியும் தொட்டார். திரை முழுக்க நீர்த்துளி, அம்புக்குறி எல்லாம் அதுபாட்டுக்கு மேலும் கீழும் ஓடியது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "மக்ளே, இங்க ஒருத்தன் கையும் காஞ்சிருக்காதுல்லா" என்றார்.

ஆறு மாதம் வேலை செய்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "வெலய நீ சொல்லாண்டாம். வெல எனக்குத் தெரியும், வாறவனுக்கும் தெரியும். கடம் வாங்கிட்டுப் போனவன் கணக்க சொல்லுவியா?" என்று கேட்டார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். ஓரமெல்லாம் ஈரத்தில் உப்பி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும், எந்த விவசாயிக்கு இவர் எவ்வளவு தர வேண்டும், எல்லாம் அதில்தான்.

அம்புக்குறியை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு அந்த நோட்டைத்தான் செய்தேன். பழைய கம்ப்யூட்டர், பட்டன் பெரிதாக இருக்கும் கீபோர்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, பக்கத்தில் சின்னப் பிரிண்டர். மாதம் 300 ரூபாய். முதல் மாதப் பணத்தை மூன்று நூறு ரூபாய் நோட்டாகத் தந்தார். அதுவும் ஈரம்தான்.

இப்போது பிராண்டிங் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்கென்றே ஒருநாள் பயிற்சி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

பிரிண்டரில் வரும் துண்டுச் சீட்டின் தலைப்பில் என் லோகோவைப் போட்டிருந்தேன். இரண்டாம் நாளே கடைக்காரர், "இது யாரு கட?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கடைப் பெயரை, அவர் அப்பா பெயரோடு, தமிழில் பெரிதாக மேலே போட்டேன். என் போன் நம்பர் கீழே எறும்பு அளவில். அந்தச் சீட்டை விவசாயிகள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அடுத்த கடைக்கு வேறொரு நாள் பூ கொண்டுவந்தபோது, "அங்க சீட்டு தாறாவ, நீங்க தரமாட்டியளா?" என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த கடைக்காரர் சீட்டின் அடியிலிருந்த எறும்பைப் பார்த்து எனக்குப் போன் செய்தார். நான்கு மாதத்தில் இப்படி 6 கடைகள். 18,000 ரூபாய் லோகோ எங்கேயும் இல்லை. சந்தையில் என் மென்பொருளுக்குப் பெயர் 'சீட்டு'. நான் வைத்த பெயர் இல்லை, அவர்கள் கூப்பிடுகிற பெயர்.

பெயரே முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. நம் மட்டிப்பழத்தைப் பாருங்கள். மற்ற ஊரில் 'மட்டி' என்றால் சண்டைக்கு வருவார்கள். இங்கே பிறந்த பிள்ளைக்கு முதலில் பிசைந்து ஊட்டுவது அந்தப் பழத்தைத்தான். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. எந்த விளம்பரக் கம்பெனியாவது அந்தப் பெயரை ஒப்புக்கொண்டிருக்குமா? இதற்கு நேர்மாறாக வடசேரியைப் பாருங்கள். பரதநாட்டிய மேடையில் ஜொலிக்கிற கோயில் நகைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படும் இடம் அது. புவிசார் குறியீடும் இருக்கிறது. சென்னையில் வாங்குகிறவர்கள் 'டெம்பிள் ஜுவல்லரி' என்று கேட்டு வாங்குகிறார்கள். வடசேரி என்ற பெயர் எத்தனை பேர் வாயில் வருகிறது? செய்த கை ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் போய்விட்டது. என் வீடு அந்தத் தெருக்களுக்குப் பக்கம்தான். அதனால் இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும்.

தேனும் அப்படித்தான் ஆகியிருக்கும், ஆகவில்லை. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராம மறுகட்டமைப்பு வேலையைத் தொடங்கினார். தேனீ வளர்ப்பை வீட்டுத் தொழிலாக அங்கே கற்றுக்கொடுத்தார்கள். தேன் எடுப்பது பாதி வேலை, அதைச் சேர்ந்து விற்பது மீதி வேலை என்று நம் தாத்தா காலத்திலேயே கூட்டுறவுச் சங்கம் போட்டார்கள். தரம் பார்த்து, அக்மார்க் முத்திரையோடு பாட்டிலில் அடைத்து விற்றார்கள். 'மார்த்தாண்டம் தேன்' என்ற பெயர் அப்படி வந்தது. முதலில் தேன், அப்புறம் தரம், அப்புறம்தான் பெயர். உங்கள் பயிற்சி வகுப்பில் அமெரிக்கக் கம்பெனிகளின் கதையைச் சொல்கிறீர்கள், சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லலாமே.

பயிற்சியில் சேர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. மேடையில் ஒரு தங்கை தன் லோகோவுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டிருந்தார். பதிவு செய்தீர்களா என்று இடைவேளையில் கேட்டேன். 'அழகுக்குப் போட்டேன்' என்றார். பதிவாகாத சின்னத்துக்கு அதைப் போடுவது டிரேட்மார்க் சட்டப்படி கூடாது. 'டிஎம்' போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. ஸ்டார்ட்அப்புக்கும் தனிநபருக்கும் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம், பதிவானால் 10 வருடம். லோகோவுக்கு நான் கொடுத்ததில் கால்வாசி. இன்னொருவர் தன் பாட்டிலில் 'மார்த்தாண்டம் தேன்' என்றே போட்டு அதையே தன் பிராண்ட் என்கிறார். புவிசார் குறியீடு பெற்ற பெயர் தனி ஒருவருக்குச் சொந்தமாகாது. பயன்படுத்துகிறவராக முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

'என் ஐடியாவைத் திருடிவிடுவார்கள்' என்று வாய் திறக்காமலே உட்கார்ந்திருந்த தம்பி ஒருவரும் உண்டு. கருவியின் உள்ளே புதிதாக ஏதாவது கண்டுபிடித்திருந்தால் அவர் பயம் நியாயம். மேடையில் சொல்லிவிட்டால் பேட்டன்ட் என்கிற காப்புரிமை வாய்ப்பே போய்விடலாம். முதலில் ஒரு தற்காலிக விண்ணப்பம் போட்டு வைத்தால், முழு விவரம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. ஆனால் அவர் வைத்திருந்தது மளிகைக்கடைக்கு ஆர்டர் எடுக்கும் செயலி. அதை யார் திருடி என்ன செய்ய? கோட்டாறு சந்தையில் கடை கடையாய் ஏறி இறங்குகிற வேலையையும் சேர்த்துத் திருடினால்தான் திருடனுக்குப் பிரயோஜனம்.

கடலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் நம் கரையிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மீனவருக்கான செயலி என்று கூட்டத்துக்கு ஒன்றாவது வருகிறது. எண்ணம் நல்லது. ஆனால் கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே போனில் சிக்னல் போய்விடும். தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அன்றைய மேடையில் 'உடனுக்குடன் மீன் விலை படகிலேயே தெரியும்' என்று ஒருவர் சொன்னபோது கைதட்டல் விழுந்தது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரே ஒரு மீனவர் உட்கார்ந்திருந்தால், 'டவர் எங்கப்பா இருக்கு?' என்று கேட்டிருப்பார். அந்தத் தம்பியின் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் நடுவர் மேசையில் மூன்று நாற்காலி போட்டால், அதில் ஒன்றை வாங்குகிறவருக்கு விடுங்கள். பூ பற்றி என்றால் பூக்காரர், படகு என்றால் படகுக்காரர். மற்ற இரண்டு பேரின் மதிப்பெண்ணும் அவருடையதும் சமமாக இருக்கட்டும். தமிழில் பேசட்டும். களியக்காவிளையிலிருந்து வருகிறவர் மலையாளம் கலந்து பேசினால் அதுவும் இருக்கட்டும், நம் சந்தையே அப்படித்தான் பேசுகிறது. மார்க்கெட் சைஸ் கேட்பதற்கு முன்னால், யார் காசு கொடுத்தார், எவ்வளவு, இரண்டாம் மாதமும் கொடுத்தாரா என்று கேளுங்கள். அரசின் விதைநிதிக்கு விண்ணப்பம் எழுத உதவுகிறீர்கள், நல்ல காரியம். அந்த விண்ணப்பத்திலும் இந்தப் பதில் இருந்தால் கனம் கூடும்.

இடமும் ஏசி அரங்காகவே இருக்க வேண்டியதில்லை. என் முதல் கடைக்காரரிடம் பேசிப் பார்த்தேன், சம்மதம். ஓணத்துக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம் என்கிறார், கேரளாவுக்குப் பூ போகிற நேரம், நிமிர்ந்து பார்க்க முடியாது. மற்ற நாளில் காலை 10 மணிக்கு மேல் சந்தை காலியாகிவிடும். 30 பேர் தாராளமாக உட்காரலாம். சாயா அவர் செலவு. புரொஜெக்டருக்குப் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று இருக்கிறதாம், அதில் என் பிரிண்டர் ஓடுகிறது.

இப்படிக்கு,
வடசேரியிலிருந்து,
'சீட்டு'க்காரன்