மதிப்பீட்டுக் குழுவினருக்கு: திட்ட அறிக்கைக் கட்டையும் அவிழ்த்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். அரசுப் பல்கலைக்கழகத்தின் வணிக நிர்வாகப் படிப்பை மதிப்பிடப் போனால், துறை முதலில் நீட்டுவது தன்மதிப்பீட்டு அறிக்கை. தேர்ச்சி, வேலைவாய்ப்பு, மாணவர் கருத்து என்று மூன்று எண்கள் அதில் பளிச்சென்று இருக்கும். அவற்றை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள்.

வேலைவாய்ப்பு என்றால், எதனால் வகுத்தார்கள் என்று கேளுங்கள். 120 பேர் சேர்ந்து, 96 பேர் முடித்து, 80 பேர் வேலைக்குப் பதிவு செய்து, 72 பேருக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்தவர்களை வைத்து வகுத்தால் 90 சதவீதம், முடித்தவர்களை வைத்தால் 75, சேர்ந்தவர்களை வைத்தால் 60. மூன்றும் சரியான கணக்குதான். விளம்பரப் பலகையில் ஏறுவது 90 மட்டும். நடுவில் நின்ற 24 பேர் எந்தப் பருவத்தில், எந்தத் தாளில் தடுக்கினார்கள் என்பது அறிக்கையில் இருக்காது, கேட்டு வாங்குங்கள். சம்பளத்துக்குச் சராசரி வேண்டாம், எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண் போதும். ஒன்பது பேர் 20 ஆயிரமும் ஒருவர் 2 லட்சமும் வாங்கினால் சராசரி 38 ஆயிரம். பத்துப் பேரில் ஒருவரும் அதை வாங்கவில்லை.

60 பேர் வகுப்பில் 14 பேர் நிரப்பிய கருத்துப் படிவத்தை ஓரமாக வையுங்கள்.

முக்கியமான வேலை இனிமேல்தான். 1916இல் தொடங்கிய ஏஏசிஎஸ்பி (AACSB) போன்ற, வணிகக் கல்வி நிறுவனங்களுக்கான அங்கீகார அமைப்புகள், மாணவர் உண்மையில் என்ன கற்றார் என்பதற்குச் சான்று கேட்கின்றன. மொத்த மதிப்பெண் அதற்கு உதவாது. வருகைப்பதிவும் ஒப்படைப்பும் அதில் கலந்திருக்கும். இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளில் 20ஐக் குலுக்கிப் போட்டு எடுங்கள். துறை பொறுக்கித் தருவதை வாங்காதீர்கள். பெயரை மறைத்து, இருவர் தனித்தனியே நான்கு நிலை அளவுகோலில் மதிப்பிடட்டும். முதல் மூன்றை மட்டும் சேர்ந்து படித்து அளவுகோலைப் பழகிக்கொள்ளலாம். பிறகு ஒரு நிலைக்கு மேல் வேறுபட்டால் மூன்றாமவர் பார்க்கட்டும். அளவுகோலில் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதினால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். ‘தரவிலிருந்து முடிவுக்கு வந்து, தரவின் குறையையும் சொல்கிறார்’ என்று எழுதுங்கள்.

நீங்கள் அடிக்கடி காணப்போவது இதுதான்: அறுபது பக்க அறிக்கை, முதல் இருபத்தைந்து பக்கம் நிறுவன வரலாறு. பிறகு நூறு பேரிடம் வினாப்பட்டியல், வயதுக்கொரு வட்ட வரைபடம், இரண்டு விவரங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் ஒரு கை-வர்க்கச் (chi-square) சோதனை. கடைசியில் ‘விளம்பரத்தைக் கூட்டலாம்’ என்ற பரிந்துரை. அதற்கும் அட்டவணைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டாம் பருவத்துப் புள்ளியியல் ஆறாம் பருவத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பாடமும் படிப்பின் இலக்குகளுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1 முதல் 3 வரை எண்ணிடும் அடைவுப் பொருத்த அட்டவணையிலோ எல்லாக் கட்டத்திலும் உச்ச எண்ணான ‘3’ இருக்கும்! பொய் என்று சொல்ல மாட்டோம். யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. மூன்றாண்டு வினாத்தாள்களை அருகருகே வைத்தால், ‘வரையறு’, ‘பட்டியலிடு’ எத்தனை, ‘தீர்மானித்துக் காரணம் கூறு’ எத்தனை என்று எண்ணிவிடலாம்.

பரிந்துரையில் ‘தரம் உயர வேண்டும்’ என்று எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் மாறப் பாடக்குழுவையும் கல்விக்குழுவையும் தாண்ட வேண்டும். திட்ட அறிக்கையின் பக்க வரம்பு போல அடுத்த பருவத்திலேயே துறை மாற்றக்கூடியவை எவை, குழுக்களின் ஒப்புதல் தேவைப்படுபவை எவை என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரையும் மாதத்தையும் குறியுங்கள். அந்த 20 அறிக்கைகளின் மதிப்பீட்டுத் தாள்களையும் பெயரில்லாமல் இணையுங்கள். அடுத்த குழு அதே அளவுகோலில் வேறு இருபதைப் படித்து ஒப்பிட அது வேண்டும்.

இப்படிக்கு,
வணிகக் கல்வி மதிப்பீட்டுப் பணியில் உள்ள ஆசிரியர்கள்