பனி ஏரிகளுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு யார் சொல்வது?

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் மத்திய நீர் ஆணையத்துக்கும்,

வணக்கம்.

ஆந்திர எல்லைக்குள், பிச்சாட்டூர்ப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. உடைந்தால் கீழே வெள்ளமாகப் பாயும் இமயமலைப் பனி ஏரிகளைப் பற்றி இங்கிருந்து ஏன் எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் ஆரணியாறு அணையில் மழைக்காலத்தில் உபரி நீரைத் திறந்தால் அது தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டைக்குப் போகும். திறக்கும் முன்பே இந்தப் பக்கத்து அதிகாரிகள் அந்தப் பக்கத்து அதிகாரிகளுக்குச் சொல்கிறார்கள், அவர்கள் கரையோர ஊர்களை எச்சரிக்கிறார்கள். நடுவில் மாநில எல்லை இருக்கிறது, அரசு மொழியும் மாறுகிறது. ஆனாலும் தண்ணீருக்கு முன்னால் சேதி போய்விட வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இமயத்தில் இது இன்னும் கைகூடவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

1984 முதல் 2023 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, 2024 ஏப்ரலில் இஸ்ரோ ஓர் ஆய்வை வெளியிட்டது. இமயமலை ஆற்றுப் படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் நன்றாகவே பெருத்துவிட்டன. அவற்றில் 601 ஏரிகள் இரண்டு மடங்குக்கும் மேல் வளர்ந்திருக்கின்றன. இமாச்சலத்தின் கேபாங் காத் ஏரி 1989-இல் 36.49 ஹெக்டேர், 2022-இல் 101.30 ஹெக்டேர். பனியாறு உருகிப் பின்வாங்கும்போது அது விட்டுப்போன பள்ளத்தில் தண்ணீர் சேர்கிறது. பல இடங்களில் அதைத் தடுத்து நிறுத்துவது பனியாறே தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும்தான். ஏரிப் பாசனத்தில் வளர்ந்த எங்களுக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. மதகு இல்லை, உபரி நீர் வழியக் கலங்கல் இல்லை, வெறும் கரை மட்டும்!

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி யாரும் அறியாத ஏரி இல்லை. அது உடையக்கூடும் என்று 2013-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2016-இல் குழாய் போட்டுக் கொஞ்சம் நீரை வெளியேற்றினார்கள். 2023 செப்டம்பர் 28 அன்று எடுத்த படத்தில் அதன் பரப்பு 167.4 ஹெக்டேர், அக்டோபர் 4 காலைப் படத்தில் 60.3. அக்டோபர் 3 இரவில் கரைச்சரிவு ஏரிக்குள் இடிந்து விழுந்து, எழுந்த அலை கரையை உடைத்தது. வெள்ளம் கீழே உள்ள சுங்தாங் ஊருக்குப் போய்ச் சேரச் சுமார் 2 மணி நேரம் ஆனது. அங்கிருந்த 1,200 மெகாவாட் டீஸ்டா அணை தகர்ந்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், இன்னும் பலர் கிடைக்கவே இல்லை. எந்நேரமும் பணியில் இருக்கும் ராணுவ வீரர்களே அடித்துச் செல்லப்பட்டார்கள் என்றால், வீட்டில் படுத்திருந்த கிழவிக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்த 2 மணி நேரம் கையில் இருந்த நேரம். அதை நினைத்தால்தான் மனது ஆறவில்லை.

படம் எடுப்பதில் குறை சொல்ல மாட்டேன். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் போனது. எங்கள் திருப்பதி மாவட்டத்து மண்ணிலிருந்து கிளம்பியது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அதன் ரேடார் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும், மலைச்சரிவு மெல்ல நகர்வதைக்கூடக் காட்டும். ஆனால் அது ஒரே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும், கரை உடையச் சில நிமிடம் போதும். படம் ஏரியின் பரப்பைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. ஆகவே எந்த ஏரியைக் காவல் காக்க வேண்டும் என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யலாம், காவலைத் தரையில்தான் போட வேண்டும். நீர்மட்டக் கருவி, கேமரா, கீழே ஊர்தோறும் சைரன்.

அப்புறம் எல்லை. அந்த 676 ஏரிகளில் இந்தியாவுக்குள் இருப்பவை 130 மட்டுமே. 2025 ஜூலை 8 அன்று திபெத்தில் பனியாற்றின் மேல் தேங்கியிருந்த ஒரு ஏரி வடிந்து, நேபாள எல்லையில் ரசுவாகடியின் நட்புப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. காரணம் என்ன என்று பிறகு செயற்கைக்கோள் படங்கள்தான் காட்டிக்கொடுத்தன. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு ஒரு போன் செய்யும் ஏற்பாடு இரண்டு மாநிலங்களுக்கு நடுவே முடியும் என்றால், நாடுகளுக்கு நடுவிலும் அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் பொறுப்பு.

மத்திய நீர் ஆணையம் ஜூன் முதல் அக்டோபர் வரை மாதந்தோறும் பனி ஏரிகளையும் நீர்நிலைகளையும் கண்காணித்து அறிக்கை தருகிறது. நல்ல வேலை. அந்த அறிக்கை நேபாளியிலும் லெப்சாவிலும் பூட்டியாவிலும் சுங்தாங் மாதிரி ஊர்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஆபத்தான ஏரிக்கும் எந்த அளவைத் தாண்டினால் ஊரைக் காலி செய்வது, நடு ராத்திரியில் யார் யாருக்குப் போன் செய்வது, எந்த மேட்டுக்கு ஏறுவது என்று எழுதி வெளியிடுங்கள். பனி ஏரி வெள்ள ஆபத்தைக் குறைக்க நான்கு மாநிலங்களுக்கு ஒப்புதல் ஆன 150 கோடி ரூபாய்த் திட்டத்தில் முதல் செலவு சைரனுக்கும் ஒத்திகைக்கும் ஆகட்டும். அடுத்த ஜூன் வரும் முன்பு, எந்தெந்த ஊரில் ஒத்திகை முடிந்தது என்ற பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
பிச்சாட்டூரிலிருந்து ஒரு குடிமகன்