பியூஃபோர்டு ஹைவேயில் வேலைக்குச் சேரும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அட்லாண்டாவின் பியூஃபோர்டு ஹைவே சாலையில், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்த) குடும்பங்களுக்காக நடக்கும் குடும்ப வன்முறை உதவி மையம் ஒன்றில் நீ சேரப் போவதைச் சித்தி போனில் சொன்னார்கள். பெருமையும் கவலையுமாகத்தான் சொன்னார்கள். "அடிதடி கேஸெல்லாம் இவளுக்கு எதுக்கு?" என்று ஒரு பெருமூச்சு வேறு. அவர்களை நான் சமாளித்துக்கொள்கிறேன். "அவங்க கலாசாரத்தைப் பத்தி முதல்ல என்ன படிக்கணும்க்கா?" என்று நீ கேட்டிருந்தாய். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கலாசாரத்தைப் படிக்காதே. ஜார்ஜியா மாநிலத்தின் டிரைவிங் லைசென்ஸ் விதிகளைப் படி.

கிண்டல் இல்லை. இங்கே குடியேற்ற ஆவணம் இல்லாதவருக்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் சிறைக்குக் கொண்டுபோகலாம். அங்கே எடுக்கிற கைரேகை குடியேற்றத் துறைக்கும் போய்ச் சேரும். ஷெரிஃப்கள், அதாவது கவுண்டி (மாவட்டம்) காவல் தலைவர்கள், அந்தத் துறையோடு ஒத்துழைத்தே ஆகவேண்டும் என்று 2024-இல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது. இப்போது க்வினெட் கவுண்டியில் வசிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள். கணவன் கழுத்தை நெரித்திருக்கிறான். அவன் அவளை நெருங்கக்கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு வாங்க லாரன்ஸ்வில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். மனுவுக்குக் கட்டணம் இல்லை. அன்றைக்கே தற்காலிக உத்தரவு கிடைக்கலாம். 30 நாளுக்குள் விசாரணை, அதில் ஜெயித்தால் ஓராண்டுக்கு உத்தரவு. சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் குறைந்தது இரண்டு தடவையாவது அந்தக் கோர்ட்டுக்கு வரவேண்டும். பஸ் அவள் தெருப்பக்கம் வராது. ஊபரில் பதிந்திருப்பது கணவனின் கார்டு. விசாரணை நாளில் ஆள் வரவில்லை என்றால் மனு தள்ளுபடி. "மனசு மாறிட்டா, அவங்க எப்பவும் குடும்பத்தை விட்டு வரமாட்டாங்க" என்று யாராவது ஃபைலை மூடிவைப்பார்கள். கலாசாரம் என்று நாம் எழுதிவைப்பதில் பாதி இந்த மாதிரிதான்.

பயிற்சி வகுப்பிலேயே மச்சிஸ்மோ (ஆண் என்ற திமிர்) என்ற சொல் உன் காதில் விழும். லத்தீன் ஆண் முரடன், லத்தீன் பெண் பொறுத்துப்போகிறவள், கதை முடிந்தது. நம் ஊர்க் கல்யாணங்களை இங்கே உள்ளவர்கள் ஒரே வரியில் எடைபோடும்போது உனக்கு எவ்வளவு எரியும் என்று எனக்குத் தெரியும். அதே எரிச்சலை இங்கேயும் வைத்துக்கொள். அமெரிக்கப் பொதுச் சுகாதார அமைப்பான சிடிசி 2010 முதல் 2012 வரை நடத்திய கணக்கெடுப்பில், வாழ்நாளில் எப்போதாவது கணவனிடமோ காதலனிடமோ அடி, பாலியல் வன்முறை, பின்தொடர்ந்து மிரட்டல் இவற்றில் ஏதாவது ஒன்றை அனுபவித்ததாகச் சொன்ன ஹிஸ்பானிக் (கிட்டத்தட்ட லத்தீனோ என்பதுதான்) பெண்கள் 34.4 சதவீதம். வெள்ளைக்காரப் பெண்களில் 37.3 சதவீதம். அடி எல்லா வீட்டிலும்தான் விழுகிறது. விழுந்த பிறகு யாரைக் கூப்பிட முடியும் என்பது வீட்டுக்கு வீடு மாறுகிறது.

2017-ஐ எடுத்துக்கொள். அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் ஹிஸ்பானிக் மக்களிடமிருந்து வந்த பாலியல் வன்புணர்வுப் புகார்கள் முந்தைய ஆண்டைவிட 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன என்றார் ஹூஸ்டன் காவல்துறைத் தலைவர். லாஸ் ஏஞ்சலஸில் லத்தீனோக்களின் குடும்ப வன்முறைப் புகார்கள் சுமார் 10 சதவீதம் சரிந்தன. குற்றம் குறைந்துவிட்டது என்று போலீஸ் தலைவர்கள் மார்தட்டவில்லை, நாடுகடத்தல் பயம் என்றார்கள். அந்தப் பிப்ரவரியில்தான் எல் பாசோ கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்க வந்தவரையே குடியேற்ற அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பள்ளி, ஆஸ்பத்திரி, சர்ச் பக்கம் பொதுவாகப் பிடிப்பதில்லை என்று இருந்த கட்டுப்பாட்டையும் 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். அதனால் "போலீஸைக் கூப்பிடுங்கள்" என்று எடுத்த எடுப்பில் சொல்லாதே. கூப்பிடவே கூடாது என்றும் இல்லை. கூப்பிட்டால் என்னென்ன நடக்கலாம் என்று சொல்லிவிட்டு, முடிவை அவளிடம் விடு.

"நான் கையெழுத்துப் போட்டாத்தான் உனக்குப் பேப்பர்" என்ற மிரட்டலை நீ திரும்பத் திரும்பக் கேட்பாய். அது பாதிப் பொய். கணவன் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவனாகவோ இருந்தால், 1994-இல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டப்படி அவள் தானே ஐ-360 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அவனுடைய கையெழுத்து தேவையில்லை, அவனுக்குத் தெரியவும் வேண்டாம். துறை அவனிடம் சொல்வதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. அவனிடமும் ஆவணம் இல்லையென்றால், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2000-இல் வந்த யு விசா என்ற வழி. அதற்கு அவள் விசாரணைக்கு உதவினாள் என்று போலீஸோ அரசு வழக்கறிஞரோ சான்று தரவேண்டும். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் அந்த விசா, வரிசையோ பல வருட நீளம். இதையெல்லாம் நீ தெரிந்து வைத்துக்கொள், ஆனால் வக்கீல் மாதிரிப் பேசாதே. நோட்டாரியோ என்று போர்டு மாட்டிக்கொண்டு படிவம் நிரப்பிக் காசு பிடுங்கும் கடைகளிடம் அவள் ஏற்கெனவே ஏமாந்திருக்கலாம். நேராகக் குடியேற்ற வக்கீலிடம் அனுப்பு.

சரி, கலாசாரத்துக்கு வருகிறேன். இதில் உனக்கு வாத்தியார் உன் ஊரிலேயே இருக்கிறார்கள். கமினார் லத்தீனோ அமைப்பை 1990-இல் அட்லாண்டாவில் தொடங்கியவர் உளவியலாளர் ஹூலியா பெரில்லா. முதலில் அது பெண்களுக்கான குழு. அங்கே வந்த பெண்களே, பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்யுங்கள், எங்கள் வீட்டுக்காரர்களுக்கும் ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார்கள். அப்படித்தான் ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் குழுக்கள் வந்தன. அடிக்கிறவனை ஏன் வாசல்படி ஏற்றவேண்டும் என்று உனக்குத் தோன்றும். நியாயமான சந்தேகம். ஆனால் நம்மிடம் வருகிற பெண் பெரும்பாலும் "அவர் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை, "இந்த அடி வேண்டாம்" என்றுதான் வருகிறாள். வீட்டை விட்டு வந்தால்தான் உதவுவோம் என்று அவளிடம் சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள், அதற்குப் பிறகு நமக்குப் போன் பண்ணமாட்டாள். இரண்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாதானம் பேசக்கூடாது; அன்றைக்கு ராத்திரி அதற்கு அவள்தான் விலை கொடுப்பாள். அவன் மாறிவிட்டானா என்று வகுப்பு நடத்துகிறவர் சான்றிதழ் தரக்கூடாது. அவளைத் தனியாகக் கேட்கவேண்டும், திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும்.

ஆண்கள் விஷயத்தில் கலிபோர்னியாவில் 1988-இல் தொடங்கிய நேஷனல் கொம்பாத்ரேஸ் நெட்வொர்க்கையும் பார். ஜெர்ரி டெல்யோவும் நண்பர்களும் ஆரம்பித்தது. ஆண்களை வட்டமாக உட்காரவைத்து, நல்ல ஆண் என்று உங்கள் தாத்தாக்கள் யாரைச் சொன்னார்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவனையா, கை ஓங்குகிறவனையா என்று அவர்கள் மரபிலிருந்தே பேச்சை எடுக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது, கொஞ்சம் பயமும் இருக்கிறது. பழம்பெருமை பேசியே தப்பித்துக்கொள்ளத் தெரிந்த ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அடைக்கல இல்லம் தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உயிர் போகிற நேரத்தில் அதுதான் காப்பாற்றுகிறது. ஆனால் உள்ளே போய் ஒரு நாள் இருந்து பார். முகவரி ரகசியம், அதனால் சொந்த அக்காவுக்குக்கூடச் சொல்லமுடியாது. சில இல்லங்களில் வளர்ந்த பையனைச் சேர்க்கமாட்டார்கள். பதினைந்து வயது மகனை எங்கே விடுவாள்? அலமாரி நிறைய டப்பா சூப்பும் மக்ரோனியும். பிள்ளைகள் சாப்பிடாமல் அழுகின்றன. ஒரு பை மாசா என்கிற சோள மாவும் காய்ந்த மிளகாயும் ஒரு தோசைக்கல்லும் வாங்கி வைத்தால் அவள் தானே டார்ட்டியா ரொட்டி சுட்டுக் கொடுத்துவிடுவாள். இந்தச் சின்னச் செலவுக்கு எந்த நிதிக் கோரிக்கையிலும் தலைப்பு இருக்காது, நீ எப்படியாவது பில் போட்டுவிடு.

மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 1982-இல் காசா தே எஸ்பெரான்சா தொடங்கியபோது அதுவும் லத்தீன் பெண்களுக்கான இல்லம்தான். பிறகு அவர்கள் அக்கம்பக்கத்துக்குள்ளேயே இறங்கினார்கள். இப்போது எஸ்பெரான்சா யுனைடெட் என்று பெயர் மாற்றி, நாடு முழுவதும் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்கள் பக்கம் பலம் என்று நான் நினைப்பது ப்ரொமொதோராக்களை. அதே தெருவில் இருக்கும் சாதாரணப் பெண்கள்தான் அவர்கள். ஓரளவு பயிற்சி எடுத்துக்கொண்டு, ஞானஸ்நான விருந்திலும் லாண்டரிக் கடையிலும் முடிவெட்டும் இடத்திலும் சகஜமாகப் பேச்சுக் கொடுப்பார்கள். அடிபட்டவள் முதலில் வாய் திறப்பது கொமாத்ரேயிடம் (பிள்ளையின் ஞானத்தாயான தோழியிடம்) தானே, நம் ஹெல்ப்லைனிடம் இல்லையே! கலிபோர்னியாவில் 1992-இல் உருவான லீதெரெஸ் காம்பெசீனாஸில் எல்லாருமே வயல் வேலை செய்யும் பெண்கள். யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவார்கள், சின்ன நாடகம் போட்டுக் காட்டுவார்கள், பேச்சு தானாக வரும். இல்லினாய்ஸ் மாநிலத்திலோ 2017-இலிருந்து சிகை அலங்காரம் செய்பவர்கள் எல்லாருக்கும் குடும்ப வன்முறை பற்றி ஒரு மணி நேரப் பயிற்சி கட்டாயம்.

பிளாசா ஃபியெஸ்தா கடைவளாகத்துப் பக்கம் போகும்போது, செருப்புக்குள் ஒளித்து வைக்கிற அளவில் அச்சடித்த நம்பர் கார்டுகள் கொஞ்சம் எடுத்துப் போ. பெண்கள் கழிப்பறையில் வை, மேஜைமேல் பரப்பாதே. தேசிய ஹெல்ப்லைன் 1-800-799-7233, இருபத்துநாலு மணி நேரமும் ஸ்பானிஷிலும் பேசுவார்கள்.

சர்ச்சை எதிரியாக நினைக்காதே. "கடவுள் சேர்த்ததை நான் எப்படிப் பிரிப்பேன்?" என்று கேட்கிறவளிடம் பெண்ணியம் பேசினால் எடுபடாது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களே 1992-இலும் பிறகு திருத்தி 2002-இலும் வெளியிட்ட அறிக்கையில், வன்முறை நடக்கும் மண வாழ்க்கையில் யாரும் இருந்தே ஆகவேண்டும் என்று திருச்சபை எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்பானிஷ் பிரதியை மேஜையில் வைத்துக்கொள். எல்லாரும் கத்தோலிக்கர் இல்லை, பெந்தெகோஸ்தே சபைக்குப் போகிறவர்களும் நிறைய. அங்கே பாஸ்டரைவிட பாஸ்டர் மனைவியிடம் முதலில் பேசிப் பார்.

மொழி. எல்லாரும் ஸ்பானிஷ் பேசுவார்கள் என்று எண்ணிவிடாதே. குவாதமாலா மலைப்பகுதியிலிருந்து வந்தவளுக்குத் தாய்மொழி மாம் ஆக இருக்கும், இல்லையென்றால் கிச்சே. மெக்சிகோவின் ஒஹாக்காவிலிருந்து வந்தவளுக்கு மிஷ்டெக். ஸ்பானிஷில் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுவாள். எந்த மொழி என்று முதலிலேயே கேள், எந்த ஊர் என்றும் கேள். மொழிபெயர்க்கக் குழந்தையை உட்காரவைக்காதே. போனில் வரும் மொழிபெயர்ப்பாளர் அவள் ஊர்க்காரராக இருந்துவிட்டால் அவள் பேசவேமாட்டாள். அவள் பெயரைச் சொல்லாமல் தொடங்கு. பெயர் என்றதும் இன்னொன்று. அவளுக்கு அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். போலீஸ் ரிப்போர்ட்டில் ஒன்று விடுபட்டு, கோர்ட் உத்தரவில் மற்றது விடுபட்டால், ராத்திரி அவன் கதவைத் தட்டும்போது வருகிற போலீஸ்காரரின் கணினியில் அந்த உத்தரவு தட்டுப்படாமல் போகலாம். நம் ஊர் இனிஷியல் அனுபவம் இங்கே உனக்குக் கை கொடுக்கும். எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுத வை.

கடைசியாக ஒன்று. நீ அங்கே இருப்பது தெரிந்தால் நம் பெண்களும் உன்னைத் தேடி வருவார்கள், கணவனின் எச்-1பி வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் இருப்பவர்கள். கணவனுக்கு எச்-1பி மட்டும் என்றால் அந்த 1994 சட்டத்தின் சுயவிண்ணப்பம் இவளுக்குப் பொருந்தாது. யு விசா பொருந்தலாம். கணவனிடம் அடிபட்ட எச்-4 மனைவி தன் பேரில் வேலை அனுமதி கேட்க அந்தச் சட்டத்தின் 2005 திருத்தத்தில் தனி வழியும் இருக்கிறது. தெற்காசியப் பெண்களுக்கென்று நியூ ஜெர்ஸியில் 1985-இலிருந்து மானவி என்ற அமைப்பு, உன் அட்லாண்டாவிலேயே ரக்ஷா என்ற அமைப்பு. தமிழ் தெரிந்த ஆள் என்று அந்த கேஸை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் அவளையும் அவள் கணவனையும் நீ நேருக்கு நேர் பார்க்கப் போகிறாய் என்பதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிடு. உன்னிடம் பேசுவதா, ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறியாவது முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுவதா என்று அவள் சொல்லட்டும்.

அன்புடன்,
அக்கா