கடன் செயலி மிரட்டல்: முதலில் ஆதாரம், பிறகு நீக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏழே நாளில் திருப்பிக் கட்டச் சொல்லும் கடன் செயலிகளின் மிரட்டலுக்கு ஆளானவர்கள் பதற்றத்தில் முதலில் செயலியை நீக்கிவிடுகிறார்கள். அதனால் ஆதாரம்தான் போகிறது. உங்கள் கைப்பேசியிலிருந்து செயலி ஏற்கெனவே உருவிய தொடர்பு எண்கள் திரும்பி வராது. கடன் விவரம், மிரட்டல் செய்திகள், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்கள் அனைத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறிடத்தில் சேமியுங்கள். தொடர்பு எண், படங்களுக்கான அனுமதியை ரத்து செய்து, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் யு.பி.ஐ. ஆட்டோபேயையும் நிறுத்திய பிறகே செயலியை நீக்குங்கள்.

கெடுவைத் தள்ளிவைக்கக் கேட்கும் 'நீட்டிப்புக் கட்டணம்' கட்டவே கட்டாதீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பயந்து பணம் தருகிறவர் என்று தெரிந்தால் அழைப்புகள் கூடும்.

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றி உறவினருக்கு அனுப்புவோம் என்று மிரட்டுவார்கள். அவர்களிடம் நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் அந்த மிரட்டலில் பாதி பலம் போய்விடும். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் கொடுக்கும் செயலி கைப்பேசியின் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது. முறையான நிறுவனமே ஆனாலும், கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது.

கடன் ஆலோசனைத் தன்னார்வலர்கள்,
மதுரை.