ஊழியப் பொறுப்புக் கூட்டம்: 15-ஆம் தேதி, ஞாயிறு காலை 11 மணி

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

வரும் 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், காலை 11 மணிக்கு, சபையின் ஊழியப் பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் நடைபெறும். தகுதி இல்லை என்று தயங்கி நம்மில் பலர் ஒதுங்கியே இருந்துவிடுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தீர்க்கதரிசியாகிய ஆமோஸ் மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். 1793-இல் இந்தியாவுக்குச் சென்ற மிஷனரி வில்லியம் கேரி அதற்கு முன் செருப்புத் தைக்கும் தொழிலைச் செய்தவர். யோப்பா பட்டணத்துத் தபீத்தாளோ பிரசங்கம் செய்ததாக வேதத்தில் எங்கும் இல்லை, ஆனாலும் அவர் மரித்தபோது விதவைகளெல்லாரும் அழுதுகொண்டே பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவர் செய்துகொடுத்திருந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள் (அப். 9:39). ஊசியும் நூலும் பிடித்த அந்தக் கையைத் தேவன் பயன்படுத்தினார் என்பது எனக்கு மிகுந்த தைரியம் தருகிறது.

1. நோயுற்றோரைச் சந்தித்தல், ஞாயிறு பள்ளி, ஒலிபெருக்கி, ஆலயத் துப்புரவு ஆகியவற்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.
2. வாரத்தில் எந்த நாள், எவ்வளவு நேரம் கொடுக்க இயலும் என்பதை வீட்டாருடன் கலந்து பேசிவிட்டு வாருங்கள்.
3. முன் அனுபவம் தேவையில்லை. புதியவர் ஒவ்வொருவருக்கும் பழகியவர் ஒருவர் முதல் 3 மாதங்கள் துணையிருப்பார்.
4. வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் உங்கள் பெயரையும் பணியையும் இக்குழுவில் பதிவிடுங்கள்.

கூட்டத்திற்கு வர இயலாதவர்கள் எனக்குத் தனிச்செய்தியில் தெரிவிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர், ஊழியக் குழு