முகச்சாடை பிடிபட வேண்டுமானால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஒரு வாரம் கண், மறுவாரம் மூக்கு, அதற்கடுத்த வாரம் உதடு என்று உருவப்படப் பயிற்சி வெளிவருவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மாதிரிப் படங்கள் அழகானவை. ஆனால் பல ஆண்டுகளாக ஓவியம் கற்பித்து வருபவள் என்ற முறையில், இந்த வரிசையில் கற்கும் பிள்ளைக்கு அழகான கண் வரைய வருமே தவிர, எதிரே அமர்ந்திருப்பவரின் சாயலைத் தாளில் கொண்டுவர வராது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

புதிதாக வரைபவர்களில் பெரும்பாலோர் கண்களை மேலே ஏற்றி வைத்துவிடுகிறார்கள். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் ஏறக்குறைய சரிபாதியில்தான் கண்கள் இருக்கின்றன. பேசும்போது கண்ணையும் வாயையுமே கவனித்துப் பழகியதால், நெற்றியும் மண்டையும் நம் நினைவில் சுருங்கிவிடுகின்றன. இந்தச் சரிபாதிக் கணக்கும் தொடக்கத்துக்குத்தான். எதிரே இருப்பவரிடம் அது எங்கே, எவ்வளவு மாறுகிறது என்று தேடும்போதுதான் சாடை பிடிபடத் தொடங்குகிறது. மூக்கின் அடிக்கும் முகவாய்க்கும் இடையிலுள்ள தூரத்தில் நூலளவு பிசகிவிட்டால், இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தாலும் அவர் வேறொருவராகிவிடுவார்.

1973-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைக் கறுப்பும் சாம்பலுமான பெரிய சதுரங்களாக மட்டும் ஆக்கிக் காட்டினார். கண்ணைச் சுருக்கியோ தள்ளி நின்றோ பார்த்தால் அதில் லிங்கன் தெரிகிறார். இமையோ உதட்டுக்கோடோ அதில் இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு ஒளி, எவ்வளவு நிழல் என்பது மட்டுமே இருக்கிறது.

முழு உருவத்துக்கு இது இன்னும் பொருந்தும். முகம் தெரியாத தொலைவில் வருபவரையும் நிற்கும் விதத்தையும் தோளின் சாய்வையும் கொண்டே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? ஆகவே முதலில் அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, தலையின் உயரத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு, உடல் அதைப்போல் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். நிற்கும் பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் 7 அல்லது 7½ தலை வரும். முழங்கை சற்றே மடங்கினாலும் அளவு பொய்யாகிவிடும் என்பதால் இதைப் பலமுறை வற்புறுத்தியாக வேண்டும். பிறகு தோள், இடுப்பு ஆகியவற்றின் சாய்வு. அதன்பின் கைக்கும் விலாவுக்கும் நடுவே தெரியும் வெற்றிடத்தின் வடிவம். அந்த இடைவெளிக்கு மனத்தில் ஆயத்தமான உருவம் ஏதும் இல்லாததால், பிள்ளைகள் அதைப் பார்த்தபடியே வரைகிறார்கள்.

புகைப்படத்தைப் பார்த்து வரையச் சொல்வதையும் தள்ளிப்போடலாம். மிக அருகில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் விழுந்திருக்கும். அந்தப் பிழையையே பிள்ளை உண்மையென்று கற்றுக்கொள்ளும்.

அடுத்த தொடரின் முதல் நான்கு வாரங்களாவது கண், மூக்கு எதையும் வரையவிடாமல், வீட்டில் உள்ள ஒருவரை எதிரே அமர்த்தித் தலையின் வெளிவடிவத்தையும் கழுத்தின் சாய்வையும் நிழலின் எல்லையையும் மட்டும் வரையச் சொல்லுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியை ஒருவர்